ஆம்பி பூத்த மண்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் பூஞ்சணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "ஊறுகாய்ச் சாடியின் மேல் படருமே, அந்தப் பூஞ்சணமா?" என்று நண்பர் ஒருவர் வாயிலில் கேட்டார். அதன் உறவினர்தாம், ஆனால் நான் சொல்லப்போவது மண்ணுக்குள் வாழ்பவை. அதிலும் மழை குறைந்த, வெயில் மிகுந்த நிலத்தின் மண்ணுக்குள் வாழ்பவை. இந்தத் தலைப்பை நான் ஏன் கேட்டு வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

நம் வட்டம் தொடங்கிய முதலாண்டில் நான் ஒரு கவிதை படித்தேன். 'செத்த நிலம்' என்பது அதன் தலைப்பு. சித்திரை வெயிலில் வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டைக் கண்டு எழுதியது. கைதட்டல் கிடைத்தது. கூட்டம் முடிந்தபின், நம் உறுப்பினர் ஒருவரின் தந்தையார், மல்லாட்டை பயிரிடும் பெரியவர், என்னிடம் வந்தார். "ஏங்க வாத்தியாரே, செத்துப்போன நிலம்னா, மொத மழைக்கு அதுலருந்து ஈசல் எப்படிப் பொறப்படுது?" என்றார். கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவன் நான்; ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பெரியவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தக் கேள்விக்கு உரிய விடையைத்தான் பத்தாண்டுகள் கழித்து இன்று சொல்ல முயல்கிறேன்.

பாலை என்பது தனியொரு நிலமன்று, பிற நிலங்கள் கோடையில் தம் இயல்பு கெட்டு அடையும் நிலையே அது என்பது இளங்கோவடிகளின் கருத்து. இன்றைய அறிவியல் இதை எண்ணால் அளக்கிறது. ஓரிடத்தில் ஓராண்டு பெய்யும் மழையை, வெயிலும் செடிகொடியும் சேர்ந்து அங்கே ஆவியாக்கக்கூடிய நீரின் அளவால் வகுத்தால் 0.2 முதல் 0.5 வரை வருமாயின் அது அரைவறள் நிலம். கோவில்பட்டிக் கரிசலும் இராமநாதபுரத்துச் சீமையும் கோவையின் மழைமறைவுப் பகுதியும் அவ்வகையின. புதுச்சேரிக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை உண்டு. ஆகவே கணக்கின்படி நாம் அந்த வரிசையில் சேரமாட்டோம். ஆனால் அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. தை பிறந்தபின் பல மாதங்கள் நம் மேட்டு நிலமும் பாலையின் கோலம் பூணுகிறது. பாலையான நிலம் மறுபடி முல்லையாக வேண்டுமானால், இடைப்பட்ட காலத்தில் யாரோ உள்ளே இருந்து வீட்டைக் காக்க வேண்டுமல்லவா? அந்தக் காவலரில் பெரும்பாலோர் பூஞ்சைகளே.

நம் பழம்பாட்டில் பூஞ்சைக்கு ஓரிடம் உண்டு. ஆனால் அது வறுமையின் இடம். ஆம்பி என்றும் காளாம்பி என்றும் அதற்குப் பெயர். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைப் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் சொல்லி அழுகிறார். புறநானூற்றின் 164ஆம் பாட்டு அது. சிறுபாணாற்றுப்படையில் வரும் காட்சி இன்னும் நுட்பமானது. பாணன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. பழஞ்சுவரைச் சிதல், அதாவது கறையான், கூட்டமாக அரித்திருக்கிறது. அரித்த புழுதியில் உள்ளீடற்ற காளாம்பி முளைத்திருக்கிறது. குப்பையில் பறித்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாமல் கதவடைத்துக்கொண்டு உண்கிறார்கள். இந்த நூலைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரினர். பாடப்பட்ட நல்லியக்கோடன் ஓய்மாநாட்டுத் தலைவன். திண்டிவனமும் மரக்காணமும் சேர்ந்த நிலப்பகுதி அது. நமக்கு வடக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத்து வழி. அதாவது, நம் அண்டை மண்ணின் காளான் அது.

கறையானும் காளானும் அடுத்தடுத்த அடிகளில் வருவதை நான் பல ஆண்டு வகுப்பில் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். புலவர் அறிந்துதான் சேர்த்தார் என்று சாதிக்கமாட்டேன். சுவர்ப் புழுதியில் முளைத்தது வேறு காளானாகவும் இருக்கலாம். ஆயினும் அந்த அண்மை பொய்யன்று.

சோழமண்டலக் கரையிலேயே, தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்தவர் யோகான் கெர்கார்டு கோனிக், லின்னேயசின் மாணவர். கறையானைப் பற்றி 1779இல் பெர்லினில் வெளியான அவருடைய கட்டுரையில், புற்றுக்குள் கறையான் வளர்க்கும் பூஞ்சை குறிக்கப்பட்டிருக்கிறது. உலகத்தார் இதைப் பற்றி எழுதிய முதற் குறிப்பாக அறிஞர் கொள்வது அதைத்தான். நாமோ அந்தப் புற்றுக்குப் பால் ஊற்றினோம், முட்டை வைத்தோம், மஞ்சள் பூசினோம். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையைப் பழமொழியாக்கி வைத்திருக்கிறோம். அழையாமல் வந்த பாம்புதான் நம் நினைவில் நின்றது. அழைத்து வைத்துக் காக்கப்படும் உண்மையான குடித்தனக்காரர் பூஞ்சைதான்.

அந்தக் குடித்தனம் நடக்கும் விதத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். காய்ந்த சருகு, சுள்ளி, வைக்கோல், சாணம் எதுவாயினும் கறையான் அதன்மேல் மண்ணைப் பூசி, அந்த மறைவில் இருந்து தின்கிறது. தின்றதில் பாதி செரித்தும் செரியாமலும் வெளிவருவதைக் கொண்டு புற்றின் உள்ளறைகளில் அடை கட்டுகிறது. தேனடையும் கடற்பஞ்சும் கலந்தாற்போன்ற தோற்றம். அந்த அடையில் பூஞ்சையின் இழைகள் பரவி, கறையானால் செரிக்க இயலாத மரச்சத்தைச் சிதைக்கின்றன. கடுகளவு வெண்மணிகள் அடைமேல் தோன்றும். கறையான் அவற்றை உண்ணும். முதிர்ந்த அடையையும் உண்ணும். வெளியே நிலம் நாற்பது பாகைக்குக் கொதிக்கும்போதும் உள்ளே ஈரமும் ஏறத்தாழ முப்பது பாகை வெப்பமும் நிலைத்திருக்கும். நிலத்தின் மேற்பரப்பில் ஈரமில்லாமையால் மற்ற நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிட்ட மாதங்களில், சருகை மண்ணாக்கும் தொழில் இந்தப் புற்றறைகளில் நிற்காமல் நடக்கிறது. வறண்ட நிலத்தின் அடுப்பு அணையாமல் எரிவது இங்கேதான்.

இந்த உறவு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்பர். மழை விழுந்ததும் ஈசல் பறக்கிறது. பருவத்தில் அடையிலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டை மேலே நீட்டிக் காளானும் குடை விரிக்கிறது. டெர்மிட்டோமைசிஸ் என்று இந்தப் பேரினத்துக்கு 1942இல் பெயரிட்டவர் ரோழே எம் என்னும் பிரெஞ்சு அறிஞர். பின்னாளில் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடராசன் 1979இல் தென்னிந்தியாவின் புற்றுக்காளான் ஒன்றை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, அதற்கு டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்று அந்தப் பிரெஞ்சுக்காரரின் பெயரையே சூட்டினார். எம் மறைந்ததும் அதே ஆண்டில்தான். தமிழ் நிலத்துப் புற்றில் முளைக்கும் காளானுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர். புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு இதில் வியப்பொன்றும் இராது. நம் தெருக்களின் கதையே அதுதானே!

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். இலாசுப்பேட்டையில் நான் மனை வாங்கியபோது அதன் மூலையில் இடுப்பளவு புற்றொன்று இருந்தது. கொத்தனார் பூசை போட்டுவிட்டு எடுக்கலாம் என்றார். நான் படித்தவன் அல்லவா, சிரித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கடப்பாரையால் இடிக்கச் சொன்னேன். சாம்பல் நிறத்தில் அடைகள் உடைந்து வந்தன. கூடை தூக்கிய அம்மாள் ஒருத்தி குனிந்து அந்த வெண்மணிகளைப் பார்த்துவிட்டு, "ஐயா, சோறாக்கி வெச்சிருக்குது பாருங்க" என்றாள். என் வகுப்புக் குறிப்பில் இரண்டு பக்கம் எழுதியிருந்ததை அவள் ஒரே தொடரில் சொல்லிவிட்டாள். சில வாரங்களில், கொட்டிவைத்த அந்த மண்குவியலிலிருந்து கரிய விரல்கள் போன்றவை எழும்பின. சைலேரியா என்னும் வேறொரு பூஞ்சை அது. கறையான் உயிரோடு காக்கும்வரை அடையில் தலைகாட்டாது; காவல் போனபின் வரும். கறையான்களும் பழிவாங்காமல் விடவில்லை. என் முதல் தொகுப்பின் விற்காத படிகள் அத்தனையையும் ஐந்தாண்டுகளுக்குள் செரித்து முடித்தன. அவ்வளவு ஆழமாக என் கவிதையை உள்வாங்கிய வாசகர் வேறெவரும் இலர்.

புற்று கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குடும்பம் வேரில் இருக்கிறது. வேளாண் துறையினர் வேர் உட்பூசணம் என்று அழைக்கும் இனம். பூஞ்சையும் வேரும் சேர்ந்து வாழும் உறவுக்கு மைக்கோரைசா என்று ஃபிராங்க் என்னும் செருமானியர் பெயரிட்டது 1885இல். உறவோ நாற்பது கோடி ஆண்டுப் பழமை உடையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த கற்படிவங்களில், வேர் என்று சொல்லத்தக்க உறுப்பே இல்லாத தொல்செடிகளுக்குள் இந்தப் பூஞ்சை இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இன்று நிலத்துச் செடியினங்களில் பத்தில் ஏழெட்டு இதனோடு கூட்டுறவு கொண்டவை. மல்லாட்டை, சோளம், கம்பு, துவரை எல்லாம் இதில் அடக்கம். மயிரிழையைவிடப் பல மடங்கு நுண்ணிய அதன் இழைகள், வேர் நுழைய முடியாத மண்துளைக்குள் புகுந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. மரம் தன் இலையில் ஆக்கிய சர்க்கரையைக் கொடுக்கிறது. செம்மண் மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொண்டு விடாத மண். அங்கே இந்தப் பண்டமாற்று இல்லையேல் பல செடிகள் நிமிரா. மண்துகள்களை ஒன்றோடொன்று கட்டிவைப்பதும் இந்த இழைகளே. அவை அறுந்த மேட்டில் மழை விழுந்தால் மண் ஓடையாய் ஓடிக் கடலைச் சிவப்பாக்கும்.

இதைப் பார்க்கும் வழி எளிது. மண்ணை நீரில் கரைத்து, நுண்சல்லடைகள் சிலவற்றின் வழியே அடுத்தடுத்து வடிக்க வேண்டும். கெர்டமன், நிக்கல்சன் இருவரும் 1963இல் வகுத்த முறை. சல்லடையில் தங்கியதை நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் விதைத்துகள்கள் தெரியும்: தேன் நிறம், வெண்மை, கருஞ்சிவப்பு, சில பளிங்கு. மாணவர்களுக்கு முதன்முதல் காட்டியபோது ஒரு மாணவி, "யாரோ மணிமாலையை அறுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்றாள். நான் கைப்பிடி மண்ணை எடுத்தது மே மாதத்தில், புல்லும் காய்ந்துபோன ஒரு மேட்டில். என் கவிதையில் செத்ததாகச் சொன்ன அதே நிலம்.

ஒரு கிராம் மண்ணில் எத்தனை வகை என்று கேட்பீர்கள். பழைய முறையில், மண்கரைசலை மேன்மேலும் நீர்த்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி முளைப்பதை எண்ணுவார்கள். வெப்பமான வறள்மண்ணில் ஆஸ்பர்ஜில்லஸ் இனங்களே முன்னிற்கும். பெனிசிலியம் குளிர்ந்த மண்ணை விரும்பும். கரிய சுவருடைய இனங்கள் பல உண்டு. நம் தோலைக் கறுக்கச் செய்யும் மெலனின் வகைப் பொருள்தான் அவற்றையும் வெயிலிலிருந்து காக்கிறது. ஆனால் தட்டில் முளைப்பது ஒரு பகுதியே. வேர் உட்பூசணம் உயிருள்ள வேரின்றி வளராது. புற்றுக்காளானும் எளிதில் முளைக்காது. இப்போது மண்ணிலிருந்து நேரே மரபுப்பொருளைப் பிரித்தெடுத்துப் படிக்கிறார்கள். அதன்பின் கணக்கே மாறிவிட்டது. உலகில் பெயரிடப்பட்ட பூஞ்சையினங்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். இருக்கக்கூடியவை 15 இலட்சம் என்று 1991இல் ஹாக்ஸ்வொர்த் மதிப்பிட்டார். 2017இல் அவரே லூக்கிங் என்பவருடன் சேர்ந்து அதை 22 முதல் 38 இலட்சமாக உயர்த்தினார். பத்தில் ஒன்றுக்குக்கூட நம்மிடம் பெயரில்லை. சொல்லைத் தொழிலாகக் கொண்ட இந்த அவை இந்த எண்ணைச் சற்று நினைக்க வேண்டும்.

பெயரிடும் பணியில் தமிழகத்துக்கு நல்ல பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவன் பருத்தி வாடல் நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர் இளமையில், 1939இலேயே, மண்ணில் புதைத்த கோதுமைத் தாளில் எந்தப் பூஞ்சை முதலில் குடியேறும், எது பின்னர் வரும் என்று பார்த்து எழுதியவர். அதே மரபில் வந்த சி. வி. சுப்பிரமணியன் 1971இல் இந்தியாவின் இழைப்பூஞ்சைகளைப் பற்றிப் பெருநூல் தந்தார். இந்தியப் பூஞ்சையியற் கழகம் 1973இல் தோன்றியபோது அதன் இதழுக்குக் 'கவக' என்று பெயர் வைத்தார்கள், காளானுக்குரிய வடசொல். ஆம்பி என்ற அழகிய தமிழ்ச் சொல் இருக்கிறதே என்று எனக்கு அன்று ஓர் ஏக்கம் இருந்தது. இன்றும் இருக்கிறது.

நம்மூருக்கும் பழைய தொடர்புண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே தாவரத் தோட்டத்தை வளர்த்த பெரோத்தே நீலகிரியில் திரட்டி அனுப்பிய பூவாத் தாவரங்களையும் பூஞ்சைகளையும் மோந்தாஞ் என்பார் 1842இல் வெளியிட்டார். பூஞ்சை என்றால் குளிர்மலைக்குத்தான் ஏறவேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. காலடியில் இருந்த செம்மண் காத்திருந்தது.

எல்லாப் பூஞ்சையும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனால் மல்லாட்டைக்காரப் பெரியவர் மறுபடி சிரிப்பார். வாடல் நோய் உண்டாக்கும் ஃபுசேரியம், பருத்தி இல்லாத ஆண்டுகளிலும் தடித்த சுவருள்ள உறங்குவித்துகளாய் மண்ணில் கிடக்கும். வேரழுகலை உண்டாக்கும் மாக்ரோபோமினா வறட்சியிலும் வெப்பத்திலும்தான் வீறுகொள்ளும். மல்லாட்டை முற்றும் பருவத்தில் மழை பொய்த்தால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் மண்ணுக்குள்ளேயே காயைத் துளைத்து நஞ்சேற்றுகிறது. அஃப்ளடாக்சின் என்ற அந்த நஞ்சு வெளிப்பட்டது 1960இல், இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் பிண்ணாக்குத் தின்று மாண்டபோது. நம் துறையிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன் மார்சேய்க்குக் கப்பல் கப்பலாய்ப் போன பயிரின் எதிரி அது. காக்கும் இழையும் கொல்லும் இழையும் ஒரே பிடி மண்ணில் இருக்கின்றன. பலவகை நிறைந்த மண்ணில் ஒன்று மற்றொன்றை அடக்கிவைக்கும். வகை குறைந்த மண்ணில் கொல்வது தனியாட்சி செய்ய இடமுண்டு. வகை மிகுதி என்பதை நான் அழகுக்காகப் பேசவில்லை.

கவிஞர்களுக்காக ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். முதல் மழையின் மண்வாசனைக்குப் பெரும்பகுதி உரிமை பூஞ்சைக்கு இல்லை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய இழைப் பாக்டீரியங்கள் ஆக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அது. அவற்றையும் ஒருகாலத்தில் பூஞ்சை என்றே எண்ணியிருந்தார்கள். நானும் ஒரு பாட்டில் அவ்வாறே எழுதிவிட்டேன், அச்சிலும் வந்துவிட்டது.

இன்னொன்று, திருவக்கரை. நமக்கு மேற்கே அங்கே கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்பர். அந்த மரங்கள் விரைவில் மணலுக்குள் புதைந்து, காற்றின்றி, பூஞ்சை தின்று முடிக்குமுன் கல்லேறிவிட்டன. மற்ற மரங்களெல்லாம் மண்ணாகி மீண்டும் மரமாயின. இவை மட்டும் அந்தச் சுழற்சியிலிருந்து விலகிக் கிடக்கின்றன. நான் செத்ததென்று சொல்ல வேண்டியிருந்தால் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் கடற்கரையின் பழைய காடு எப்படி இருந்தது என்பதற்கு இன்று சில கோயில்காடுகளே சான்று. கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றிய காட்டில் வீரையும் காயாவும் உலக்கைப் பாலையும் இன்னும் நிற்கின்றன. சருகை யாரும் கூட்டி எரிக்காத இடத்தில் காலை வைத்தால் மண் மெத்தென்று அமுங்கும். ஒரு பிடி எடுத்தால் வெண்ணிழைகளோடு சேர்ந்து வரும். வெளியே, நூறடி தள்ளி, அதே மண் ஓடாக இறுகிக் கிடக்கும். ஆரோவில் மேடும் 1968இல் அப்படி இறுகி, ஓடைகளால் கிழிபட்டுக் கிடந்தது. வரப்பு கட்டி, நீரை நிறுத்தி, மரம் வைத்து, பின்னர் இந்தக் கோயில்காட்டு மரங்களையே கொண்டுவந்து நட்டார்கள். மரத்தோடு வேரும், வேரோடு அதன் பூஞ்சையும் சேர்ந்துதான் காடு திரும்புகிறது.

நம் வருவாய்க் கணக்கில் தரிசு என்றொரு சொல் இருக்கிறது. சாகுபடி இல்லாத நிலம் என்பதே அதன் பொருள். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன், அங்கே ஒன்றுமில்லை என்று எல்லோரும் எண்ணிவிடுகிறோம். மண் அள்ளும் வண்டி அங்கேதான் முதலில் போகிறது. மனைப்பிரிவின் கல்லும் அங்கேதான் நடப்படுகிறது. 'செத்த நிலம்' என்று ஒரு கவிஞன் எழுதுவதும் அந்த வண்டிக்கு வழிவிடும் வேலைதான் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. வானூர்ப் பக்கத்தில் நான் பார்த்த அந்த மேடு இன்றில்லை. பனை உயரத்துக்குப் பள்ளம் இருக்கிறது.

இந்த மலரில் பழைய கவிதைகளைத் தொகுக்கும் நண்பர்கள் என்னுடைய அந்தக் கவிதையையும் கேட்டார்கள். உள்ளே இரண்டு வரிகளைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். தலைப்பை அடித்துவிட்டேன். மாற்றுத் தலைப்புக் கிடைக்கவில்லை, தலைப்பின்றியே அச்சாகும். பெரியவரின் மகன் இந்த அவையில் இருக்கிறார். மலரின் ஒரு படியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தந்தையாருக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக்காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.